தோற்ற வேர்ப்புழைப் பண்டுவமும் பல் மருத்துவர் பொறுப்பும்

பல் என்பது ஒரே பொருளால் ஆன கட்டி அன்று; ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய அடுக்குகளின் ஒழுங்கு. வெளியே, உடலில் வேறெதனினும் கடினமான பற்சிப்பி. அதனுள், எண்ணற்ற நுண்குழல்கள் ஊடுருவி நிற்கும் பற்காழ். அதன் நடுவே, குருதிக்குழல்களும் நரம்பிழைகளும் செறிந்த மெல்லிய பற்கூழ். பல்லின் முடிப்பகுதியில் சிற்றறையாக விரிந்திருக்கும் இக்கூழ், வேர்களுக்குள் இறங்குங்கால் மெல்லிய வழிகளாகக் குறுகி, வேர்நுனித் துளை வாயிலாகத் தாடையெலும்போடு தொடர்பு கொள்கிறது. அவ்வழிகளே வேர்ப்புழைகள். மக்கள் நாவில் 'ரூட் கெனால்' என்று பயிலும் பண்டுவம், நோயுற்ற பற்கூழை அகற்றி, இப்புழைகளைத் துப்புரவாக்கி, மீண்டும் எதுவும் நுழையாதவாறு அடைக்கும் பண்டுவமாகும். அதனை இங்கு வேர்ப்புழைப் பண்டுவம் என்போம்.

'நரம்பைக் கொன்றுவிட்டால் வலி போய்விடும்' என்பதே இப்பண்டுவத்தைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள கருத்து. அது முழுமையான கருத்தன்று. அமெரிக்காவில் காக்கேகாசி, இசுட்டான்லி, பிட்செரால்டு என்னும் மூவர் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நோயின் வேர் எங்குள்ளது என்பதை ஐயமற நாட்டியது. அவர்கள் எலிகளை இரு கூட்டமாக்கினர். ஒரு கூட்டம் நுண்ணுயிர் அறவே இல்லாத சூழலிலும், மற்றொன்று இயல்பான சூழலிலும் வளர்ந்தது. இரு கூட்டத்து எலிகளின் கடைவாய்ப் பற்களையும் துளைத்துப் பற்கூழை வாய்க்குத் திறந்துவிட்டனர். இயல்பாக வளர்ந்த எலிகளில் பற்கூழ் அழுகியது. வேர்நுனியில் சீழ் கட்டியது. நுண்ணுயிரற்ற எலிகளிலோ, திறந்த துளையில் உணவுத்துணுக்குகள் அடைந்து கிடந்த நிலையிலும், பற்கூழ் உயிர்த்திருந்து, புண்ணின்மேல் புதிய பற்காழ்ப் பாலம் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டது. ஆகவே, வேர்நுனி நோயை உண்டாக்குவது நுண்ணுயிர். அந்நுண்ணுயிரை இயன்ற அளவு குறைத்து, எஞ்சியதற்கு உணவும் வழியும் கிடைக்காமற் செய்வதே வேர்ப்புழைப் பண்டுவத்தின் உயிர்க்கொள்கை. பண்டுவம் தோற்பதும், தோற்ற பல்லை மீட்பதும், மருத்துவரின் பொறுப்பு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதும் இக்கொள்கையிலிருந்தே பிறக்கின்றன.

இதனைச் செயற்படுத்தும் வினைகள் மூன்று: புழையை அரத்தால் வடிவமைத்தல், நீர்மத்தால் கழுவுதல், இறுக அடைத்தல். கழுவுவதற்குச் சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல் பயன்படுகிறது; அது நுண்ணுயிரைக் கொல்வதோடு, அழுகிய இழையத்தைக் கரைக்கவும் வல்லது. அடைப்பதற்கு மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து பெறும் குட்டாபெர்ச்சா உதவுகிறது. ஆழ்கடல் தந்திக் கம்பிவடங்களுக்கு ஒருகாலத்தில் உறையாயிருந்த பொருளும் அதுவே. அரமோ, 1838இல் எட்வர்டு மேனார்டு கடிகாரத்தின் சுருள்வில்லைத் தேய்த்துச் செய்த கருவியில் தொடங்கி, 1988இல் நிக்கலும் தைத்தானியமும் கலந்த வளையும் மாழையை எட்டியது. மிக மெல்லிய அரங்களுள் ஒன்றான பத்தாம் எண் அரத்தின் நுனி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே விட்டம் உடையது.

இத்துணை மெல்லிய கருவி ஏன் வேண்டும் என்பதற்கு வேர்ப்புழையின் உருவமே விடை. சூரிச்சு நகரத்து வால்ட்டர் எசு என்பவர், ஏறத்தாழ 2,800 பற்களின் உள்ளே தொய்வக் குழம்பைச் செலுத்தி இறுகச் செய்து, பல்லைக் கரைத்து நீக்கி, உட்குழிவின் வார்ப்பை வெளிக்கொணர்ந்தார். அவர்தம் ஆய்வு 1925இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நேரான குழாயாக எண்ணப்பட்ட புழை, அவ்வார்ப்புகளில் கிளைத்தும், பிரிந்தும், மீண்டும் கூடியும், வேர்நுனியருகே பல வாய்களாகச் சிதறியும் காட்சியளித்தது. ஒரு வேருக்கு ஒரு புழை என்னும் எளிய கணக்கு அன்றே உடைந்தது.

மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். மாந்தர்க்கு ஆறாம் ஆண்டளவில் முளைக்கும் இப்பல்லுக்கு வேர்கள் மூன்று: அண்ணத்தை நோக்கி ஒன்று, கன்னத்தை நோக்கி இரண்டு. வேர் மூன்று என்றதும் புழை மூன்று எனத் தோன்றும். ஆனால் கன்னப்பக்கத்து முன்வேர் குறுக்குவெட்டில் வட்டமாக இல்லை; தட்டையான நாடாப்போல் கன்னத்திலிருந்து அண்ணத்தை நோக்கி நீண்டிருக்கிறது. அந்த நீட்சியில், எளிதில் தென்படும் முதற்புழைக்கு அண்ணப்பக்கமாக ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, பற்காழின் ஒரு மேட்டுக்கு அடியில், நான்காம் புழை ஒன்று ஒளிந்திருக்கிறது. இப்பற்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது உண்டு. அறையின் தளத்தில் அது துளையாகத் தெரிவதில்லை. தளத்தில் ஓடும் இருண்ட கோடு ஒன்றின் முனையில், ஊசிமுனை சற்றே பதியும் இடமாக மட்டும் புலப்படும். உருப்பெருக்கும் கண்ணாடியும், நல்ல ஒளியும், மேட்டினைச் சிறுகச் சிறுகச் செதுக்கும் பொறுமையும் இல்லாதவர்க்கு அது இல்லாததே. அத்தகையோர் மூன்று புழைகளை அழகாக அடைத்து, ஊடுகதிர்ப்படத்தில் வெண்கோடுகள் மூன்றும் நேர்த்தியாகத் தெரியக்கண்டு, பணி முடிந்தது என்று நிறைவடைவர். நான்காம் புழையில் அழுகிய கூழும் நுண்ணுயிரும் அப்படியே இருக்கும். முன்பின்னாக அமைந்த இரு புழைகளும் இருபரிமாணப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், படமும் அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை.

கண்டறிந்த புழையிலும் அரம் எட்டாத இடம் உண்டு. இதே மேற்கடைவாய்ப் பற்களை நுண்கணிப்பு ஊடுகதிர்ப்படத்தால் பண்டுவத்துக்கு முன்னும் பின்னும் அளந்த பீட்டர்சும் அவர்தம் குழுவினரும், எக்கருவியைக் கையாண்டாலும் புழைச்சுவரின் பரப்பில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ அரம் படாமலே இருக்கிறது என்று 2001இல் காட்டினர். ஆதலின் அரம் வழியைத் திறக்கிறது. துப்புரவைச் செய்வது கழுவும் நீர்மமே. அந்நீர்மத்தைத் தடையின்றிக் கையாளவும், உமிழ்நீர் பல்லுக்குள் வாராமற் காக்கவும், விழுங்கும் வழியில் அரம் வீழாமல் தடுக்கவும் பல்லைச் சூழ விரிப்பதே தொய்வத் திரை. 1864இல் சான்போர்டு பார்னம் கண்ட அந்த எளிய விரிப்பை இன்றும் விரிக்காமல் இப்பண்டுவம் செய்வோர் உளர் என்பது வருந்தத்தக்கது. பண்டுவத்தின் தரத்தை நோயரே கண்ணால் காணத்தக்க முதல் அடையாளம் அத்திரையே என்பேன்.

இனித் தோல்வி என்பதை வரையறுப்போம். பண்டுவம் முடிந்த பின் சில நாள் மெல்லும்போது வலிப்பது தோல்வி அன்று; வேர்நுனியைச் சூழ்ந்த இழையம் உராய்வுக்கு விடையளிக்கிறது, அவ்வளவே. மறுபுறம், வலியே இல்லாமையும் வெற்றிக்குச் சான்றன்று. வேர்நுனியில் எலும்பு ஓசையின்றிக் கரைந்துகொண்டிருக்கலாம். எலும்பின் வெளியடுக்குக் கரையுமளவும் இயல்பான ஊடுகதிர்ப்படம் அதனைக் காட்டாது போகலாம். ஆகவே வெற்றி என்பதற்கு இரு கண்கள் தேவை: வலியும் வீக்கமும் சீழ்த்துளையும் இன்மை ஒன்று, படத்தில் வேர்நுனியைச் சூழ்ந்த கருநிழல் மறைந்து, பல்லைத் தாங்கும் இழையத்தின் கோடு இயல்புநிலை எய்துவது மற்றொன்று. ஐரோப்பிய வேர்ப்புழை மருத்துவக் கழகத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை, ஓர் ஆண்டு கழித்துக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றும், நிழல் சுருங்கியும் முற்றும் மறையாதிருந்தால் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்த பின்னரே தீர்ப்பு வழங்கவேண்டும் என்றும் கூறுகிறது. எலும்பு தன் காலத்தில்தான் வளரும்.

தோல்வியின் கரணியங்களை, நுண்ணுயிர் எங்கிருக்கிறது என்பதைக் கொண்டு பகுத்தால் குழப்பம் நீங்கும். உள்ளேயே விடப்பட்டது முதல்வகை: தவறிய புழை, நுனிவரை எட்டாத துப்புரவு, கிளைப்புழைகளிலும் பற்காழின் நுண்குழல்களிலும் ஒட்டிக்கிடக்கும் நுண்ணுயிர்ப்படலம். தோற்ற பற்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் என்டரோகாக்கசு பீக்காலிசு என்னும் உயிரி, நெடுநாள் பட்டினியையும் நீற்றிய சுண்ணாம்பின் காரத்தையும் தாங்கும் ஆற்றல் உடையது. வெளியிலிருந்து மீண்டும் புகுந்தது இரண்டாம் வகை. வேருக்கு அப்பால் எலும்பிலேயே குடிகொண்டது மூன்றாம் வகை; இது அரிது. வேர் நெடுக்காகப் பிளந்தது நான்காவது. அப்பிளவு உறுதியானால் அவ்வேரைக் காக்க வழியில்லை.

இவற்றுள் இரண்டாம் வகை மக்களால் மிகுதியும் மறக்கப்படுவது. புழை அடைப்பு எத்துணைச் சிறப்பாயினும், மேலே பல்லுறை அணியாமலும் நிலையான அடைப்பு இடாமலும் விட்டால், உமிழ்நீரோடு நுண்ணுயிர் வழிந்திறங்கும். இரேயும் துரோப்பும் 1,010 பற்களின் படங்களை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரை, வேர்நுனி நலத்துக்கு மேலடைப்பின் தரம் உள்ளடைப்பின் தரத்துக்குக் குறைந்ததன்று என்று அறிவித்தது. வலி நின்றதும் செலவுக்கு அஞ்சி உறை போடாமல் ஓராண்டு கடத்தும் நோயர், தம் பல்லைத் தாமே இழக்கும் வழியில் நடக்கிறார். ஆனால் 'பல்லுறை கட்டாயம், இத்தனை நாளுக்குள் கட்டாயம்' என்று அவர்க்கு முதல்நாளே சொல்லப்பட்டதா? சொல்லப்படவில்லையெனில் அந்த இழப்பில் மருத்துவர்க்கும் பங்குண்டு.

அரம் உள்ளே முறிதலைப் பற்றியும் ஒரு சொல். வளைந்த புழையில் சுழலும் மாழை களைத்து முறிவது தேர்ந்த கைகளிலும் நிகழும். முறிந்த துண்டு தானே நோயை உண்டாக்குவதில்லை. துண்டுக்கு அப்பாலுள்ள பகுதி துப்புரவாகாமற் போவதே இடர். துப்புரவு பெரும்பாலும் முடிந்த பின் முறிந்ததாயின் அப்பல் நெடுங்காலம் நலமாயிருக்கலாம். ஆகவே முறிந்தது குற்றமா என்பதைவிட, முறிந்ததை அன்றே நோயர்க்குச் சொன்னாரா, ஏட்டில் பதிந்தாரா என்பதே பொறுப்பை அளக்கும் கோல். ஈராண்டு கழித்து வேறொரு மருத்துவரின் படத்தில் அத்துண்டை முதன்முதலாக நோயர் காணும் நிலை, முறிவை மறைத்ததால் வந்த தீங்கு.

தோற்ற பல்லோடு வருபவர்க்குச் செய்யவேண்டிய முதல்வேலை, கரணியம் காண்டல். தொலைபேசியில் நுண்ணுயிர்க்கொல்லி வில்லைகளின் பெயரைச் சொல்லி அனுப்புவது பண்டுவம் ஆகாது. குருதியோட்டம் இல்லாத புழைக்குள் அவ்வில்லை சென்று சேராது. வீக்கம் முகத்தில் பரவும்போதும் காய்ச்சல் காணும்போதும் அதற்கு இடம் உண்டு, அப்போதும் சீழுக்கு வழிகாட்டிய பின்னரே. பல்லைத் தட்டிப் பார்த்தல், ஈறைச் சுற்றி அளவுகோல் இட்டு ஆழம் பார்த்தல், வெவ்வேறு சாய்வுகளில் படம் எடுத்தல், ஐயம் நீங்காவிடின் கூம்புக்கற்றை முப்பரிமாணப் படம் எடுத்தல் என்னும் வரிசையில் விடை கிடைக்கும். மேற்சொன்ன நான்காம் புழை முப்பரிமாணப் படத்தில், அடைபட்ட வெண்புள்ளியின் அருகே அடைபடாத கரும்புள்ளியாகத் தெளிவாக நிற்கும். ஈறின் ஓரிடத்தில் மட்டும் அளவுகோல் திடுமென ஆழ இறங்கினால் வேர்ப்பிளவை ஐயுற வேண்டும்.

கரணியம் புழைக்குள் இருப்பின் மறுபண்டுவமே தலையாய வழி. பல்லுறையைக் கழற்றியோ துளைத்தோ அறையை அடைந்து, பழைய குட்டாபெர்ச்சாவை யூக்கலிப்டசு மரத்து நெய் போன்ற கரைப்பானால் இளக்கி, அரத்தால் சுருள் சுருளாக வெளியேற்றுவர். நுண்ணோக்கியின் கீழ், கேளா ஒலியால் அதிரும் மெல்லிய முனை கொண்டு பற்காழ் மேட்டைச் செதுக்குகையில், தளத்துக் கோட்டின் முனையில் வெண்டுகள் தேங்கிய ஒரு புள்ளி தோன்றும். அங்கே பத்தாம் எண் அரம் பற்றிக்கொண்டு இறங்குமாயின், அதுவே தவறவிட்ட புழை. மின்தடையை அளந்து வேர்நுனியை அறியும் கருவியால் நீளம் கண்டு, மீண்டும் கழுவி, வேண்டின் நீற்றிய சுண்ணாம்புக் குழம்பைச் சில நாள் உள்ளிட்டு, பின்னர் அடைப்பர். இலண்டனில் நிகழ்ந்து 2011இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வில், முதற்பண்டுவம் பெற்ற வேர்களில் 83 விழுக்காடும், மறுபண்டுவம் பெற்ற வேர்களில் 80 விழுக்காடும் நலமடைந்தன. இரண்டுக்கும் இடைவெளி இவ்வளவு குறைவாயிருக்க, தோற்றது என்றதும் பல்லைப் பிடுங்கிப் பதிபல் வைக்கத் துணிவது பொருத்தமற்ற விரைவாகும்.

மேலிருந்து எட்ட இயலாதபோது வேர்நுனி அறுவை உண்டு: ஈறை விலக்கி, எலும்பில் சாளரம் திறந்து, நுனியில் மூன்று மில்லிமீட்டர் வெட்டி, 1993 முதல் வழக்கில் வந்த கனிமக் காரையால் அடைப்பர். அதுவும் ஆகாவிடில் பல்லை எடுப்பதே முறை.

இத்தனையும் அறிந்த பின்னரே பொறுப்பு என்னும் வினாவை முறையாக எழுப்ப இயலும். தோல்வி வேறு, கடமைப்பிழை வேறு. மருத்துவர் நலத்துக்குப் பிணை நிற்பவரல்லர்; பயின்ற திறனைத் தக்க கருத்தோடு செலுத்துவதாக உறுதி கூறுபவர். 2005இல் சேக்கப் மேத்யூ வழக்கில் இந்திய உச்சமன்றம் இதனையே நிலைநாட்டியது: பண்டுவம் பயன் தரவில்லை என்பதனாலேயே மருத்துவர் பிழைபட்டவர் ஆகார், அத்துறையில் இயல்பான திறனுடைய ஒருவர் செய்திருக்கக்கூடியதை அவர் செய்தாரா என்பதே உரைகல். 2008இல் சமீரா கோலி வழக்கிலோ, இசைவு என்பது கையெழுத்து மட்டுமன்று என்று அம்மன்றம் வரையறுத்தது. பண்டுவத்தின் தன்மை, நோக்கம், பயன், மாற்றுவழி, குறிப்பிடத்தக்க இடர், மறுத்தால் விளைவது ஆகியவற்றை நோயர் அறிந்த பின் தருவதே இசைவு.

இங்கே மொழி வந்து நிற்கிறது. பல் மருத்துவமனை மேசைமீது நீட்டப்படும் ஆங்கிலப் படிவத்தில், படிக்க இயலாத ஒரு தாய் இட்ட கையெழுத்தை அறிந்தளித்த இசைவு என்று எப்படிக் கொள்வது? 'அம்மா, இந்தப் பல்லில் நான்காவது ஒரு புழை இருக்கக்கூடும், தேடிப்பார்ப்பேன், கிடைக்காமலும் போகலாம், ஓராண்டு கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும், உறை போடாவிட்டால் இத்தனையும் வீண்' என்று சொல்லத் தமிழில் எச்சொல்லுக்கும் குறைவில்லை. சொல்லுவதற்கு மூன்று மணித்துளி போதும். தமிழ்நாட்டில் பல் மருத்துவம் பயில்வோர் இவ்விளக்கத்தைத் தமிழில் சொல்லிப் பழகுவதைப் பாடத்தின் பகுதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இசைவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பண்டுவத்துக்கு முன் விளக்குதலும், தம் கைக்கு மீறிய வளைபுழையை வல்லுநரிடம் அனுப்புதலும்; நிகழும்போது தொய்வத் திரையும், நீளம் அளத்தலும், நடந்ததை நடந்தவாறே பதிதலும்; முடிந்த பின் மறுபார்வைக்கு அழைத்தலும், தோல்வி தென்பட்டால் கரணியத்தை மறையாது கூறுதலும், படங்களின் படியைக் கேட்டவுடன் தருதலும் பல் மருத்துவரின் பொறுப்புகள். இவற்றை நிறைவேற்றியும் பல் தோற்றால் அவர்மேல் குற்றமில்லை. தவறான பல்லைத் திறந்தது, வேரின் பக்கச்சுவரைத் துளைத்து மறைத்தது, தேடவே தேடாமல் புழையை விட்டது ஆகியவை வேறு தட்டில் வைக்கத்தக்கவை. கட்டணத்தைத் திருப்பித் தருவது நன்று; ஆயினும் கரணியத்தைக் கண்டு சொல்லாமல் பணத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால், நோயர் அதே நோயோடு அடுத்த வாயிலில் நிற்பார். கட்டணமின்றி மீண்டும் செய்து தருகிறேன் என்பதும் அதே அளவுகோலுக்கு உட்பட்டது: முதன்முறை காணாத புழையைக் காணும் கருவியும் பயிற்சியும் இம்முறை உண்டா என்று நோயர் கேட்கலாம், கேட்கவேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்கும் மருத்துவர்க்கும் கடமை உண்டு. ஒரே படத்தை ஏந்தி, 'யார் இப்படிக் கெடுத்தது' என்று நோயர் முன் வினவுவது அறிவியலன்று. முன்னவர் எந்நிலையில் அப்பல்லைப் பெற்றார் என்பதைப் பழைய படங்களே கூறும். அவற்றை வரவழைத்து ஒப்பிட்ட பின்னரே தம் கருத்தை எழுத்தில் தரவேண்டும். அந்த எழுத்தே பின்னர் மாநிலப் பல் மருத்துவக் குழுமத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ சான்றாக நிற்கும்.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் வி. பி. சாந்தா வழக்கில் உச்சமன்றம் தீர்த்தது. இன்று நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்குக்குரிய நிலை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீடு செய்தல் வேண்டும்; தக்க கரணியம் காட்டினால் காலத்தாழ்வை ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம். எலும்பு தன் தீர்ப்பைச் சொல்ல நான்கு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று மேலே கண்டோம். சட்டத்தின் காலமும் எலும்பின் காலமும் இவ்வாறு வேறுபடுவதால், பண்டுவம் பெற்ற ஒவ்வொருவரும் முதற்படம், முடிவுப்படம், ஓராண்டுப்படம் ஆகிய மூன்றையும் நாள் குறித்துத் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். நோய் எப்போது தோன்றியது, எப்போது வளர்ந்தது, எப்போது அது நோயர்க்குத் தெரிந்தது என்று நிறுவ அம்மூன்றும் துணைநிற்கும்.